சேட்டக் எஞ்சினை இரண்டாம் தடவை இறக்க வைக்கும் இடங்கள்

ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது) முடிந்து, புது பிஸ்டன் ஏறி, நாலு நாள் ஓடிய வண்டியின் எஞ்சினை மறுபடி இறக்குகிறார்கள் என்றால், காரணம் பிஸ்டனாக இருப்பது அரிது. கிளட்ச் பக்க ஆயில் சீல், கிக்கர் ரப்பர், சரியாக உட்காராத பேக்கிங், சுத்தியலால் தட்டி ஏற்றியதில் கோணிப்போன கிராங்க், பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். விலையில் சின்னச் சாமான்கள். ஆனால் இவற்றைத் தொட வேண்டுமானால் எஞ்சின் கேஸையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரித்தால் பேக்கிங் செட் முழுதும் வீண், அடுத்த ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும் வீண்.

அதனால் எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது என்று முடிவெடுக்கும்போது தேய்மானத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேக்னெட் (ஃபேனோடு சுற்றும் காந்தச் சக்கரம்) பக்க சீல் சுமாராக இருந்தால்கூடப் பரவாயில்லை. பின்னால் மேக்னெட்டையும் ஸ்டேட்டர் பிளேட்டையும் கழற்றி அரைமணி நேரத்தில் மாற்றிவிடலாம். கிளட்ச் பக்க சீல் அப்படியல்ல. கண்ணுக்குப் புதுசு போலத் தெரிந்தாலும், கேஸ் திறந்திருக்கும்போது அதை மாற்றாமல் மூடக்கூடாது. உள்ளே இருக்கும் பேரிங்குகள், கிக்கர் ரப்பர்கள், கிக்கர் ஸ்பிரிங், கியரைப் பிடித்து மாற்றும் நாலு முனைக் கியர் கிராஸ் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கார்புரேட்டர், பிளக், கேபிள், கிளட்ச் பிளேட் இவையெல்லாம் வெளியே இருப்பவை. காசு இழுத்தால் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே சொல்வது பழைய பஜாஜ் சேட்டக்கை மனதில் வைத்து. வெஸ்பா குடும்பத்து எஞ்சின், 57 மி.மீ. போர், 57 மி.மீ. ஸ்ட்ரோக், 145.45 சி.சி., டூ-ஸ்ட்ரோக், நாலு கியர். கோபி, பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாலைகளில் இன்னும் பால் கேன் சுமந்து ஓடுகிற வண்டி. வருடத்துக்கு வருடம் சில பாகங்கள் மாறியிருக்கின்றன. ஆகவே கடைக்குப் போகும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள்.

எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கும் முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது. பின்சக்கர டிரம்மைப் பிடித்திருக்கும் பெரிய நட்டை அப்போதே தளர்த்திவிட வேண்டும். ஸ்பிளிட் பின்னை உருவி, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நீள பைப் போட்டுத் திருப்பினால் வந்துவிடும். எஞ்சின் தரைக்கு வந்தபிறகு அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. கல்லை முட்டுக் கொடுத்து, கேஸையே வைஸில் கடிக்க வைத்து, போல்ட் மாட்டும் காதை உடைத்தவர்கள் உண்டு. அதேபோல மேக்னெட் நட்டைக் கழற்ற ஃபேன் இறக்கைக்குள் ஸ்க்ரூடிரைவரைச் செருகாதீர்கள். ஒரு இறக்கை முறிந்தாலும் மேக்னெட் பேலன்ஸ் போய், கிராங்க் பேரிங்குக்கு அதிர்வு ஏறும். ஹோல்டரும் புல்லரும் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைக்காத ஊரே இல்லை.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது பெரும் சேதம் நடக்கிறது. அலுமினிய முகத்தில் ஸ்க்ரூடிரைவர் முனை ஒரு கோடு போட்டால், அந்தக் கோடு வழியாகத்தான் நாளைக்குக் காற்று இழுக்கும். தின்னரில் நனைத்த துணியைப் பேக்கிங் மேல் அரைமணி நேரம் போட்டு வைத்து, பிறகு மரச்சீவலாலோ பிளாஸ்டிக் ஸ்கேலாலோ வழித்தெடுங்கள். கிராங்க்கின் பக்கத் தட்டான வெப்பே பெட்ரோல் வரும் வாசலைத் திறந்து மூடும் ரோட்டரி வகை எஞ்சினாக இருந்தால், கேஸின் உள்ளே கிராங்க்கை ஒட்டி இருக்கும் அந்தச் சிறிய வளைந்த முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே ஆழமான கீறல் இருந்தால் ஸ்டார்ட்டிங் தொல்லையும் ஸ்லோ நிற்காத தொல்லையும் தீரவே தீராது. கார்புரேட்டரைப் பத்துத் தடவை கழற்றி மாட்டினாலும் பலன் இருக்காது.

துடைக்கிற துணி பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான். கை துடைக்க அருமையான சாமான். எஞ்சின் உள்ளே துடைக்க வேண்டாம். அதிலிருந்து உதிரும் நூல்தும்பு பேரிங்குக்கு எண்ணெய் போகும் சின்னத் துளையில் போய் அடைத்துக்கொள்ளும், ஜெட்டிலும் உட்காரும். நன்றாகத் துவைத்த பழைய வேட்டித்துணி இதற்குத் தோது. ஆடிக் காற்று அடிக்கிற நாட்களில் பல்லடம், உடுமலைப் பக்கம் திண்ணையில் உட்கார்ந்து கேஸ் மூடுவதும் வேண்டாம். உள்ளறையில், தரையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இனி கிராங்க். கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். கடுகளவு ஆட்டம் தெரிந்தாலும் பெரிய முனை பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு, அதை நோயாக எண்ண வேண்டாம். ராடு கிட் மாற்றுவது வீட்டு வேலை அல்ல. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேலை முடித்து வாங்கும்போது கிராங்க்கை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஊசி 0.03 மி.மீ.க்குள் ஆடினால் நல்லது. 0.05-ஐத் தாண்டினால் திரும்பச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு நில்லுங்கள்.

அப்படி நேராக வாங்கி வந்த கிராங்க்கை வீட்டில் கெடுப்பது எளிது. கிளட்ச் பக்க பேரிங்குக்குள் அது இறுக்கமாகத்தான் போகும். மர சுத்தியல்தானே என்று நாலு தட்டு தட்டினால் இரண்டு வெப்பும் பின்னைச் சுற்றி நூலளவு திரும்பிவிடும். பிறகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஓடும். ஆனால் ஃபுட்போர்டில் கால் மரத்துப்போகிற அளவுக்கு அதிர்வு இருக்கும், சீலும் சீக்கிரம் தேயும். சரியான வழி, கிராங்க்கைப் பாலிதீன் பையில் சுற்றி ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைப்பது. காலையில் கேஸை ஹாட் ஏர் கன்னால் பேரிங்கைச் சுற்றிச் சூடாக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகும் சூடு போதும். கிராங்க் பெரும்பாலும் தானாக இறங்கும். மிச்சம் நின்றால் கிளட்ச் பக்க மரையில் ஒரு பைப் துண்டும் வாஷரும் நட்டும் போட்டு இழுத்துக்கொள்ளுங்கள். சீலை அதற்கு முன்பே மாட்டியிருந்தால் சூடு அதன் உதட்டில் நேராகப் படக்கூடாது. சீலின் ஸ்பிரிங் தெரிகிற பக்கம் கிராங்க் அறையைப் பார்க்க வேண்டும், உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவியிருக்க வேண்டும். பேரிங் சி3 வகையா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். சாதாரண இடைவெளி பேரிங் சூட்டில் இறுகிவிடும்.

கியர் பக்கம் இரண்டே விஷயம். ஓடும்போது இரண்டாம் கியர் தானாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தால் கியர் கிராஸின் நாலு முனையும் உருண்டிருக்கும், யோசிக்காமல் மாற்றுங்கள். கியர் அடுக்குக்கும் ஷிம்முக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டால் 0.15 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் அடுத்த தடிமன் ஷிம் தேவை. கிளஸ்டர் கியருக்குள் இருக்கும் தனித்தனி ஊசி ரோலர்களை வெளியே எடுக்கும்போதே எண்ணிக் குறித்துவையுங்கள். மூடியபிறகு மேசை மேல் ஒரு ரோலர் கிடப்பதைப் பார்த்தால் திரும்பப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

கேஸ் மூடும்போது இரண்டு பாதியும் அரை அங்குலம் இடைவெளியில் நின்றுபோனால் நட்டைப் போட்டு இறுக்கி இழுக்காதீர்கள். பத்தில் ஒன்பது தடவை கிக்கரின் அரைவட்டப் பல்சக்கரம் முட்டிக்கொண்டிருக்கும். கிக்கர் லீவரைத் தற்காலிகமாக மாட்டிச் சிறிது சுற்றிப் பிடித்தால் கேஸ் மெத்தென்று சேரும். அந்தச் சக்கரம் முட்டி நிற்கும் ரப்பர்கள் உள்ளே தன் குழியில் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். பழைய ரப்பர் கல்லாகிப்போயிருந்தால் ஒவ்வொரு கிக்குக்கும் அடி நேராகக் கேஸில் விழும்.

பேக்கிங்குக்கு மேல் அனபாண்ட் போன்ற பசை தேவையா என்று கேட்பவர்கள் அதிகம். முகம் சுத்தமாக, கீறல் இல்லாமல் இருந்தால் இரு பக்கமும் மெல்லிய கிரீஸ் போதும். போட்டே ஆகவேண்டும் என்றால் விரலால் தேய்த்த தடமாக இருக்கட்டும். கொழகொழவென்று பிதுங்கினால் வெளியே தெரிவது பாதிதான், மீதி உள்ளே பிதுங்கி பேரிங் எண்ணெய்த் துளையை மூடும். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் 13–15 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கிராங்க்கையும் சக்கர ஷாஃப்டையும் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தச் சுற்றில் இறுக்கம் வந்ததோ அந்தச் சுற்றில்தான் பிழை. கடைசியில் பிளாக் (சிலிண்டர்) உட்காரும் வாயில் துருத்திக்கொண்டிருக்கும் கேஸ் பேக்கிங்கைப் பிளேடால் மட்டமாக நறுக்குங்கள். அந்தத் துருத்தல் பிளாக்கைத் தூக்கிப் பிடித்தால் அடிப் பேக்கிங் கசியும்.

ரீபோருக்கு வருவோம். இங்கே தவறு வீட்டில் பாதி, லேத்தில் பாதி. முதலில் போர் பண்ணிவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடக்கூடாது. பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிளாக்கைக் கொடுக்க வேண்டும். "நல்லா டைட்டாப் போட்டுக் குடுங்கண்ணா" என்று சொன்னால் அவரும் அன்பாக டைட்டாகவே போட்டுக் கொடுப்பார். இருபதாவது கிலோமீட்டரில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். காற்றால் குளிரும் வார்ப்பிரும்பு பிளாக்கில் பிஸ்டன் அலுமினியம். சூடேறினால் அது பிளாக்கைவிட அதிகமாக விரியும். பிஸ்டனோடு வந்த தாளில் இடைவெளி குறித்திருந்தால் அதன்படியே செய்யச் சொல்லுங்கள். குறிப்பில்லை என்றால் 0.10 மி.மீ.க்குக் கீழே போகவேண்டாம். லேத்காரரிடம் "நாலு தௌ" (அங்குலத்தை ஆயிரமாக்கி அதில் நாலு) என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார். பிஸ்டனை அளப்பது தலையில் அல்ல. பாவாடையின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே, பின் துளைக்குக் குறுக்காக மைக்ரோமீட்டர் வைக்க வேண்டும்.

போர் முடிந்து வந்த பிளாக்கில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது போர்ட் ஓரங்கள். வெட்டிய கருவி அங்கே கத்தி முனை மாதிரி ஒரு கூர்மையை விட்டிருக்கும். நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தால் சிக்கும். அந்த ஓரத்தில் பிஸ்டன் ரிங்கும் அப்படித்தான் சிக்கும், முதல் நாளிலேயே உடையும். சின்ன அரைவட்ட அரத்தாலோ விரலில் சுற்றிய நைஸ் உப்புத்தாளாலோ எல்லா போர்ட்டுக்கும் மேல் ஓரம், கீழ் ஓரம் இரண்டையும் நகம் சிக்காத வரை மழுக்குங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் தூள் கோடுகளுக்குள் அப்படியே தங்கும். வெள்ளைத் துணியில் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாத வரை கழுவி, உடனே 2டி ஆயில் (பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயில்) பூசுங்கள். ஐந்து நிமிடம் விட்டாலே துரு பிடிக்கும்.

ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் மட்டமாகத் தள்ளி, வாய் இடைவெளியை அளந்தால் 0.20–0.35 மி.மீ. இருக்க வேண்டும். பிஸ்டன் மேல் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். ரிங் வாய்கள் பள்ளத்தில் இருக்கும் சின்ன ஆணிகளைக் கவ்வியிருக்க வேண்டும். பிளாக் இறங்க மறுத்தால் அழுத்தாதீர்கள், ரிங் ஆணி மேல் ஏறியிருக்கும். பிஸ்டன் பின் லாக் இரண்டும் புதுசாக இருக்கட்டும். கழற்றிய லாக்கைத் திரும்பப் போடக்கூடாது. லாக் மாட்டும் முன் கேஸ் வாயைத் துணியால் முழுதாக அடையுங்கள். அந்தக் கம்பி துள்ளி உள்ளே விழுந்தால் இதுவரை செய்த அத்தனையும் திரும்ப முதலிலிருந்து.

ஹெட்டுக்குப் பேக்கிங் கிடையாது, உலோகத்தோடு உலோகம். கண்ணாடி மேல் 400 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, எண்ணெய் விட்டு, ஹெட்டை எட்டு போடுவது போல் தேயுங்கள். முகம் முழுதும் ஒரே மங்கல் நிறம் வந்தால் மட்டம். 11 ஸ்பேனர் போகிற அந்த ஸ்டட்டுகள் மெல்லியவை. கைவேகத்தில் இறுக்கினால் மரை போய்விடும். டார்க் ரெஞ்ச் வைத்து 13–18 நியூட்டன் மீட்டர் போதும். கிளட்ச் நட்டுக்கு 40–45, மேக்னெட் நட்டுக்கு 60–65. மேக்னெட் உட்காரும் கூம்பு முகம் எண்ணெய்ப் பசையில்லாமல் இருக்க வேண்டும். பசை இருந்தால் நட்டு இறுகினாலும் மேக்னெட் வழுக்கி, உள்ளே இருக்கும் அரைவட்டச் சாவி அறுந்து, டைமிங் ஓடிவிடும். கிக்கர் காலைத் திருப்பி அடிக்க ஆரம்பித்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இப்போது எஞ்சின் மேசை மேல் மூடி நிற்கிறது. உடனே வண்டியில் ஏற்றிக் கிக் அடித்துப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை துடிக்கும். அதற்கு முன் ஒரு அரைமணி நேரம் காற்றுச் சோதனைக்கு ஒதுக்குங்கள். இந்த அரைமணி நேரம்தான் இரண்டாம் தடவை இறக்குவதைத் தடுக்கும்.

தேவையானது ரத்தக்கொதிப்பு பார்க்கும் பழைய கருவி, கைப்பட்டை இல்லாமல் பல்பும் முள் மீட்டரும் மட்டும். கார்புரேட்டர் உட்காரும் முகத்தை டியூப் ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். எக்ஸாஸ்ட் வாய்க்கு ரப்பர் ஷீட்டும் நடுவில் உள் ஊசி கழற்றிய ஒரு சைக்கிள் வால்வும் வைத்த தகடு செய்யுங்கள். பிளக்கை இறுக்குங்கள். பிஸ்டனை அடியில் நிறுத்தி, வால்வு வழியாக மீட்டர் 250 காட்டும் வரை காற்று ஏற்றுங்கள். பாரில் சொன்னால் அது மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஏற்றினால் சீலே வெளியே தள்ளிக்கொண்டு வரும். ஐந்து நிமிடம் பாருங்கள். முள் 50-க்கு மேல் இறங்கக்கூடாது.

இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு மூட்டாகத் தடவுங்கள். முதலில் நீங்களே செய்த தகடுகளின் ஓரம், பிறகு அடிப் பேக்கிங், ஹெட் மூட்டு, கேஸ் சேர்ந்த கோடு, மேக்னெட்டைக் கழற்றிவிட்டு அந்தப் பக்க சீல். எங்கும் நுரை வரவில்லை, ஆனாலும் முள் இறங்குகிறது என்றால் கியர் ஆயில் ஊற்றும் துளை மேல் சோப்புப் படலம் பூசுங்கள். அங்கே கொப்புளம் எழுந்தால் காற்று கிராங்க் அறையிலிருந்து கியர் அறைக்குப் போகிறது. கிளட்ச் பக்க சீல், அல்லது இரண்டு அறைக்கும் நடுவே பேக்கிங் விலகல். மேசை மேல் இருக்கும்போது தெரிந்துவிட்டது. வண்டியில் ஏற்றியபின் இதே குறை, ரேஸ் தானாக ஏறுவது, வெள்ளைப் புகை, பிளக் வெளுப்பது என்று வேறு வேறு வேடத்தில் வந்து குழப்பும்.

எஞ்சினுக்கு வெளியே இரண்டு இடம் புது பிஸ்டனைக் கொல்லும். ஒன்று, துருப்பிடித்த டேங்க். துரு போய்க் குழாயை அடைத்தால் பெட்ரோல் குறையும், எண்ணெயும் அதோடு குறையும். இன்னொன்று, கரி அடைத்த பழைய சைலன்சர். இரண்டையும் சுத்தம் செய்யாமல் புது பிஸ்டனை ஓட்டத் தொடங்கவேண்டாம். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய ரப்பர் சீலும் ஓ-ரிங்கும் அதில் உப்பும், கலவையும் மெலிந்து எஞ்சின் சூடேறும். கிடைத்தால் எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பர் சீல் போடுங்கள். பிளக் வெளுத்தே வந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் பாருங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் இந்தப் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சித் தண்ணீர் அடியில் தங்கும்.

கியர் அறைக்கு எஸ்.ஏ.இ. 30 ஆயில் 250 மி.லி. கெட்டியான 90 கியர் ஆயில் ஊற்றினால் கிளட்ச் ஒட்டும். புது கிளட்ச் பிளேட்டை முதல் நாள் ராத்திரியே இதே ஆயிலில் ஊறப் போட்டுவையுங்கள். முதல் டேங்க்குக்கு லிட்டருக்கு 40 மி.லி. 2டி ஆயில். முதல் ஸ்டார்ட்டில் ஃபேன் கவரையும் ஹெட் கவரையும் மாட்டாமல் ஓட விடாதீர்கள். இரண்டு நிமிடம் ஓடட்டும், முழுதாக ஆறட்டும். இப்படி நாலைந்து தடவை. ஆறியபிறகு ஹெட் நட்டுகளை ஒருமுறை டார்க் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் 500 கிலோமீட்டர் சத்தி–கோபி மாதிரி மட்டமான சாலையில், முழு ரேஸ் கொடுக்காமல், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் வால்பாறையின் 40-உம் அதற்குப் பிறகு. நெடுநேரம் மேடேறும்போது வேகம் குறைந்து காற்றும் குறையும், பிஸ்டன் இன்னும் பழகியிருக்காது.

500-இல் கியர் ஆயிலை வடியுங்கள், சூடாக இருக்கும்போதே, அளவு குறித்த ஜாடியில். ஊற்றியது 250. வெளியே எங்கும் சொட்டாமல் 200-தான் வந்தது என்றால் மீதியைக் கிளட்ச் பக்க சீல் வழியாக எஞ்சின் குடித்திருக்கிறது. அளவு கூடி, பெட்ரோல் வாடை அடித்தாலும் அதே சீல்தான், எதிர்த்திசையில். காந்தத்தை விட்டு எடுத்தால் மாவு போன்ற பொடி ஒட்டுவது புது எஞ்சினுக்கு இயல்பு. விரலில் குத்துகிற செதில் வந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு, கிளட்ச் மூடியைத் திறந்து கிளட்ச் பக்கமிருந்து தேட ஆரம்பியுங்கள்.